சம்புடத்தில் மிஞ்சிய மாத்திரைகள்

கல்யாணமாகிப் போகிற நாள் வரை என் தலையைப் பின்னிவிட்ட அண்ணிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால்காரர் வருவாரா, தெரியாது. அதனால் இதை உறையில் போட்டு ஒட்டாமல், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்களைப் பற்றி நாலு பேர் நடுவில்தான் பேசினார்கள். பதிலும் அங்கேயே இருக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் தேவி இன்று காலை தானாக எழுந்து உட்கார்ந்து, மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோறு சாப்பிட்டாள். “உப்பே இல்ல அத்தை, இதை எவன் தின்பான்”னு முகத்தைச் சுளித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குறை சொல்கிற அளவுக்கு நாக்கு திரும்பிவிட்டதே! உங்களுக்கு வந்த அதே காய்ச்சல்தான் அண்ணி அவளுக்கும் வந்தது. டைபாய்டு.

உங்கள் காய்ச்சலின்போது நான் பக்கத்தில் இல்லை. கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற நேரம். “மாத்திரை குடுத்திருக்காங்க, சரியாயிடும்”னு அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அடுத்து வந்த ஆள் சொன்ன சேதி வேறு. குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது உங்கள் நெற்றியில் விபூதி பூசியாகிவிட்டது.

காரியம் முடிந்த அன்று அண்ணன் சாமி அலமாரியைச் சுத்தம் செய்தார். உங்கள் பித்தளைச் சம்புடம் ஞாபகம் இருக்கிறதா? மேல் தட்டில் விபூதி, கீழ்த் தட்டில் குங்குமம். அன்று கீழ்த் தட்டைத் திறந்தால் குங்குமம் இல்லை, மாத்திரைகள். அண்ணன் அதைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “முழுங்கவே இல்ல இவ. சாமிக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிட்டு, எம் பொண்ணை அனாதையாக்கிட்டுப் போயிட்டா”ன்னு கத்தினார். சம்புடத்தை மூடி பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

தூணைப் பிடித்தபடி தேவி நின்றிருந்தாள். சின்னப் பெண். அவள் காதில் அது விழுந்தது.

அன்றிலிருந்து இந்தத் தெருவுக்கு நீங்கள் ‘மாத்திரையைத் துப்பிட்டுச் செத்தவ’. தேவி ஒரு முறை என்னிடம் கேட்டாள்: “எங்கூட இருக்கப் பிடிக்காமதான் முழுங்கலையா அத்தை?” என் வீட்டுக்காரருக்கு வேங்கிக்காலில் வேலையாகி, நாங்கள் உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்த பிறகும், அந்தக் கேள்வி அவள் முகத்தில்தான் இருந்தது.

உங்களுக்கு என்னைத் தெரியும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறிக்கிறவள், தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிறவள். “உன் கண்ணுக்கு அண்ணாமலையாரே வந்தாலும் ரேஷன் கார்டு கேப்ப”ன்னு நீங்கள் சிரிப்பீர்கள். அப்படிப்பட்ட நான் யாரையும் சும்மா விடவில்லை. மெடிக்கல் கடை குமார் மாவு மாத்திரை விற்றானா? அண்ணன் வேளை தவறிக் கொடுத்தாரா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உங்களையும் சந்தேகப்பட்டேன். நேர்த்திக்கடன் என்று ஏதாவது விரதத்தில் இருந்தீர்களா? மருந்து வேண்டாம், மலையைச் சுற்றினால் போதும் என்று நினைத்தீர்களா? கற்பூரம் காட்டும்போதெல்லாம் கேட்டேன். நீங்களும் சொல்லவில்லை, அண்ணாமலையாரும் சொல்லவில்லை.

இப்போது தேவி கதைக்கு வருகிறேன்.

பௌர்ணமி கழிந்த வாரம் காய்ச்சல் ஆரம்பித்தது. அவள் இப்போது வேலைக்குப் போகிற பெண். ஆபீசிலிருந்து பாதியில் வந்து படுத்துக்கொண்டாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார். எழுதிக் கொடுத்தது சிப்ரோ. உங்களுக்குக் கொடுத்த அதே மருந்து.

என் வீட்டுக்குக் கூட்டி வந்து கூடத்தில் படுக்க வைத்தேன். ஒவ்வொரு வேளையும் என் கையால்தான். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும், பாலில் கூடாது என்று இருந்தது.

மாத்திரை போட்டதும் நான் நகரமாட்டேன். “வாயைத் தொற. நாக்கைத் தூக்கு. அந்தக் கன்னம்.”

“அத்தை, நீ இன்னா போலீஸா?”

“ஆமாம்டி. இன்னும் லத்திதான் வாங்கல.”

அண்ணன் வாசலில் நின்று பார்ப்பார். “பால்ல குடு சிவகாமி. மாத்திரை சூடு. அவளுக்கு நான் பால்லதான் குடுத்தேன்.”

“தண்ணியிலதான் குடுக்கணும்னு போட்டிருக்குண்ணா.”

“பெரிய டாக்டரு நீ.”

நாளாக ஆக நானே டாக்டராக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. காய்ச்சல் இறங்கவில்லை அண்ணி. சாயங்காலமானால் அடுப்பு மாதிரி கொதித்தது. அண்ணன் என் வீட்டுக் கூடத்தில் நின்று, பந்தியில் கத்திய அதே குரலில், “ஆத்தா புத்திதான். இவளும் எங்கயோ துப்புறா”ன்னார்.

தேவி கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“நான் முழுங்கினேன் அத்தை. நீதான் பாத்தியே. முழுங்கியும் எனக்கு எறங்கல. அப்போ அம்மாவும் முழுங்கியிருப்பாங்களோ?”

அந்தக் கேள்வி ஏன் எனக்குத் தோன்றவில்லை? எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், காய்ச்சலைச் சந்தேகப்படவில்லை. மருந்துக்கும் மசியாத காய்ச்சல் இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

முதலில் குமார் கடைக்குத்தான் போனேன். பழைய கோபம் அப்படியே இருந்தது.

“இன்னா குமாரு, மாத்திரையில மருந்து இருக்குதா, இல்ல சாக்பீஸா?”

அவன் கோபப்படவில்லை. “என்னை நம்பலன்னா தேரடி பக்கம் போயி வேற கடையில வாங்குங்கக்கா. வேற கம்பெனியா வாங்குங்க. அதுவும் கேக்கலன்னா எங்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க. இப்போல்லாம் நெறைய பேருக்கு இப்படித்தான் ஆவுது.”

வேறு கடையில், வேறு கம்பெனி வாங்கினேன். அதற்கும் கேட்கவில்லை. ஆட்டோ வைத்து டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் தேவியை அங்கேயே சேர்த்துக்கொண்டு ஊசி ஆரம்பித்தார். அதற்கு முன் ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு அனுப்பினார். கல்ச்சர் என்கிறார்கள். உங்களுக்கு அதை யாரும் செய்யவில்லை, இல்லையா?

ரிப்போர்ட் வந்ததும் நான்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். மருந்துகளின் பெயர் ஒரு பக்கம், கிருமி அதற்குப் பணியுமா பணியாதா என்பது எதிர்ப்பக்கம். சிப்ரோவுக்கு நேராகப் பணியும் என்று போட்டிருந்தது. பணியும் என்றால் ஏன் பணியவில்லை? அப்படியானால் தேவி என் கண்ணையும் ஏய்த்துவிட்டாளா?

டாக்டரம்மா இன்னொரு வரியில் விரல் வைத்தார். நாலிடிக்ஸிக் ஆசிட் என்று ஒரு பழைய மருந்து. அதற்குப் பணியாது என்று இருந்தது.

“இதைத்தாம்மா பாக்கணும். இது சிப்ரோவோட பெரியப்பா மாதிரி. பெரியப்பாவுக்கு அடங்காத கிருமி, சிப்ரோவுக்கும் பாதிதான் அடங்கும். டெஸ்ட்ல அடங்கற மாதிரி தெரியும். உடம்புக்குள்ள போனா இழுத்தடிக்கும்.”

“அப்போ இந்தக் காகிதமும் முழு உண்மை இல்லையா?”

அவர் சிரித்துவிட்டார். “உங்களை மாதிரி நாலு பேரு லேபுக்கு வேணும்.”

நான் விடவில்லை. மருந்து எப்படிக் கொல்கிறது, கிருமி எப்படித் தப்புகிறது என்று கேட்டேன். அவர் காயம் தைக்கிற மேஜையிலிருந்து முறுக்கு நூல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“ஒரு கிருமி ரெண்டாகணும்னா, அதோட டி.என்.ஏவை நகல் எடுக்கணும். அது ரெண்டு புரி முறுக்கின கயிறு மாதிரி. நகல் எடுக்கணும்னா புரியைப் பிரிக்கணும். நடுவுல பிரிச்சிப் பாருங்க.”

பிரித்தேன். நான் பிரிக்கப் பிரிக்க, அந்தப் பக்கம் முறுக்கு ஏறி நூல் சுருண்டு முண்டு கட்டியது. வீட்டுக்கு வந்து கிணற்றுக் கயிற்றில் செய்து பார்த்தேன், அதேதான்.

“அந்தச் சிக்கலை எடுக்க கிருமிக்கிட்ட ஒரு என்சைம் இருக்கு. கைரேஸ்னு பேரு. கயித்தை ஒரு எடத்துல அறுக்கும், முறுக்கைத் தளர்த்தும், மறுபடி ஒட்டிடும். சிப்ரோ இன்னா பண்ணும்னா, அறுத்த சமயம் பாத்து அது மேல போயி உக்காந்துக்கும். ஒட்ட விடாது. அறுந்த கயித்தோட கிருமி செத்துப்போகும்.”

“நம்ம உடம்புலயும் அந்தக் கயிறு இருக்கே. அதை அறுத்து வைக்காதா?”

“நம்ம என்சைமோட அமைப்பு வேற. அதுல இந்த மருந்து அவ்வளவா உக்காராது. பயப்படாதீங்க.”

“அப்போ தேவி ஒடம்புல இருக்கறது மட்டும் ஏன் சாவல?”

“கைரேஸ்ல மருந்து உக்கார்ற எடம் மாறிப்போச்சு. கோடிக்கணக்குல நகல் எடுக்கும்போது எங்கயாவது ஒரு எழுத்து தப்பா விழும். அந்த ஒரு எழுத்துல அந்த எடத்தோட அமைப்பே மாறிடும். மருந்து வரும், சரியாப் பிடிச்சிக்க முடியாது. என்சைம் அது பாட்டுக்கு வேலை செய்யும். இன்னொரு எழுத்தும் மாறினா மருந்து இன்னும் வழுக்கும்.”

அதோடு போகவில்லை அண்ணி. சில கிருமிகள் உள்ளே வந்த மருந்தை மோட்டார் வைத்த மாதிரி வெளியே இறைத்துவிடுமாம். சிலது மருந்து நுழைகிற வாசலைக் குறுக்கிக்கொள்ளுமாம். இன்னொரு வகையும் இருக்கிறது. சின்ன வளையம் போல ஒரு டி.என்.ஏ துண்டு. அதை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்குமாம், நாம் அடுத்த வீட்டுக்குச் சர்க்கரை கொடுப்பது போல. அந்த வளையம் போய்ச் சேர்ந்த கிருமியில் கைரேசுக்கு ஒரு கவசம் முளைத்துவிடும்.

“யார் இதுங்களுக்கு இவ்வளவும் கத்துக் குடுத்தது?”

“யாரும் கத்துக் குடுக்கலம்மா. கோடியில ஒண்ணு ஏற்கெனவே மாறியிருக்கும். நாம மாத்திரையைப் பாதியில நிறுத்தினா, இல்ல தேவையில்லாதப்போ ஒண்ணு ரெண்டுன்னு போட்டா, இளைச்சதெல்லாம் சாகும், அது மட்டும் நிக்கும். காலி எடத்துல அதோட வம்சம்தான் பெருகும். நாமதான் களை பறிச்சி எடம் விட்டுக் குடுக்கறோம்.”

இதெல்லாம் நடந்தபோது அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். நாங்கள் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: “இவ அம்மாவுக்கு நான் பால்ல குடுத்தேன் டாக்டர். அதனாலயா?”

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். “பால் மருந்தோட வேகத்தைக் குறைக்கும். பொய் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் காலத்துலயே இந்த மாதிரி கிருமி வர ஆரம்பிச்சிடுச்சி. எதனாலன்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது. அவங்க ரத்தத்தை யாரும் வளர்த்துப் பாக்கலையே.”

மறுநாள் காலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். துண்டில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். உங்கள் சம்புடம். “நீயே பாரு. எனக்குத் தைரியம் இல்ல”ன்னு சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

திறந்தேன். இத்தனை வருஷம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கீழ்த் தட்டில் இருந்தது. நீங்கள் துப்பிய மாத்திரை ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் மாத்திரையோடு சேர்த்துக் கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டுகள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று பாதியாக உடைத்தது. பூச்சி மாத்திரை ஒன்று. வெவ்வேறு கம்பெனியின் சிப்ரோ, தனித்தனியாக. ஒரு வைத்தியத்துக்கு ஒரு கடையில் வாங்கினால் இப்படியா இருக்கும்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் விட்டாலும், “மீதி இருக்குதாம்மா? குப்பையில போடாத, குடு”ன்னு வாங்கி வருவீர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவீர்கள். மலை சுற்ற வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், நெற்றியில் விபூதி இட்டு, அன்றைக்கென்று குங்குமத்தை எடுத்துவிட்டு மாத்திரை போட்டு வைத்த கீழ்த் தட்டைத் திறந்து ஒன்று கொடுப்பீர்கள். அண்ணன் அந்த நாட்களில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு வியாபாரம் பார்த்தபடி தன் கடையில் இருப்பார், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், பந்தியில் அவர் கத்தியபோது, அந்தக் கீழ்த் தட்டில் இருந்தது இதுவாக இருக்கும் என்று தோன்றவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “இது நான் வாங்கினது இல்ல. இதுவும் இல்ல”ன்னு சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசித் துண்டை எடுத்ததும் துண்டில் முகத்தை மூடிக்கொண்டார். “பந்தியில சொன்னேனே சிவகாமி. பந்தியில சொன்னேனே.”

ஆக, நீங்கள் ஏமாற்றவில்லை. மகளை விட்டுப் போகவேண்டும் என்று எதையும் ஒளிக்கவில்லை. இதைத்தான் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். ஆனால் இன்னொன்றையும் எழுதாவிட்டால் நான் பாதிக் கணக்கு எழுதியவளாவேன்.

நீங்கள் பிரசாதம் போலக் கொடுத்த அந்த ஒற்றை மாத்திரைகள் யார் யார் வயிற்றில் எதைக் கொன்றன, எதை மிச்சம் வைத்தன? அவர்கள் அதை எந்தெந்த ஊருக்கு எடுத்துப் போனார்கள்? இதை டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவர் என்னை அடக்கினார். “உங்க அண்ணி ஒருத்தரா? கடையில ரெண்டு குடுன்னு வாங்கறது ஊரு பூரா. எழுதறப்போ நாங்களும் யோசிக்காம எழுதறோம். கோழித் தீவனத்துல கூடக் கலக்கறாங்க.” சரிதான். உங்கள் தலையில் மட்டும் இதைக் கட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் அதில் இல்லவே இல்லை என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. கோபப்படுவீர்களா அண்ணி?

தேவியிடம் இரண்டையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள். சம்புடத்தை மடியில் வைத்து, மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “அம்மா துப்பலையா?”ன்னு மட்டும் கேட்டாள். “இல்லடி.” மூடியை மறுபடி மூடியவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் மாத்திரை குடுத்தாங்க. அவங்களுக்கு வந்தப்போ மாத்திரை கேக்கல, பாத்தியா.” அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் தொடவில்லை. அது உங்களுக்கான அழுகை, எனக்கானது இல்லை.

ஊசிக்குக் காய்ச்சல் மெல்லத்தான் இறங்கியது. இறங்கிய பிறகும் என் சந்தேகம் இறங்கவில்லை. “இந்த ஊசி இன்னும் எத்தினி வருஷம் கேக்கும்?”னு டாக்டரம்மாவைக் கேட்டேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

போன பௌர்ணமிக்கு உங்கள் வாசலில் பந்தலை நானே போட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் ஊற்றினேன். ராத்திரி கூட்டம் ஏறுவதற்கு முன்பே ஒரு அம்மா வந்தார், வந்தவாசிப் பக்கம் போல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் என் கையில் சம்புடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“முன்னாடி இங்க ஒரு அம்மா இருந்தாங்களே. துண்ணூறு வெச்சி மாத்திரை குடுப்பாங்க. ராசியான கை. அந்த மாத்திரை இருக்குதா?”

உங்களை ஞாபகம் வைத்திருக்கிறார் அண்ணி. இத்தனை வருஷம் கழித்து, பேர்கூடத் தெரியாமல்.

நெற்றியில் விபூதி இட்டேன். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை டம்ளரில் கொடுத்தேன். “மாத்திரை இல்லம்மா. ரொம்ப முடியலன்னா சொல்லுங்க, ஆட்டோ வெச்சி டாக்டர்கிட்ட அனுப்பறேன்”னேன்.

அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு எழுந்தார். போகும்போது கூட வந்தவரிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: “அந்தம்மா மனசு இவங்களுக்கு வராது.”

வராதுதான். சம்புடத்தைக் கழுவி, கீழ்த் தட்டில் மறுபடி குங்குமம் நிரப்பிவிட்டேன். அதில் இனி மாத்திரை ஏறாது. இந்த வீட்டில் யாரும் பாலில் மருந்து குடிக்கமாட்டார்கள், பாதியில் நிறுத்தமாட்டார்கள், மீந்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். வருகிற பௌர்ணமியிலும், அதற்கடுத்த பௌர்ணமியிலும் உங்கள் வாசலில் நின்று, உங்கள் பேரால் ‘மாத்திரை இல்லை’ என்று சொல்வேன். ‘அந்தம்மா மாதிரி இல்ல’ன்னு எத்தனை பேர் சொன்னாலும் வாங்கிக்கொள்வேன். அப்படி ஒருவர் சொல்லும்போதெல்லாம், நீங்கள் நல்லவர் என்பது இந்தத் தெருவின் காதில் ஒரு முறை விழுகிறது அல்லவா?

உங்கள் மகளுக்கு இப்போது தலை பின்னிவிடுகிற நாத்தனார்,
சிவகாமி